புழு வந்த வழி

லாரி டிரைவருக்குத் தெரியாத சாலையே கிடையாது என்று பெயர். ஆனால் டாக்டரம்மா விளக்குப் பலகையில் மாட்டிய ஸ்கேன் படத்தில் அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஏழு வயது மகளின் மூளையாம் அது. ஓரமாக, அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

"புழுவோட குஞ்சு. உயிரோட இருந்தவரைக்கும் சும்மா கிடந்துச்சு. இப்ப சாகுது. அதனாலதான் சுத்தி வீங்கி வலிப்பு வருது. மருந்து இருக்கு, பயப்படாதீங்க."

அடேயப்பா, ஒரு வீட்டையே புரட்டிப் போட்டது இந்தப் பொட்டுத்தானா? வலிப்புக்குக் காரணம் கண்ணு பட்டதுதான் என்றாள் அத்தை, செல்போன் என்றான் மச்சான். ஆளுக்கொரு தீர்ப்பு. உள்ளே ஓர் உயிர் சத்தமில்லாமல் குடித்தனம் நடத்தியிருக்கிறது. பயத்தையும் மீறி அவர் வாய் பிளந்து பார்த்தார்.

"வேகாத பன்றிக்கறி சாப்பிட்ட யாரோ ஒருத்தர் வயித்துல பெரிய புழு இருக்கணும். அதோட முட்டை, வெளிக்குப் போயிட்டுச் சரியா கழுவாத அவங்க கை வழியா பாப்பா வாய்க்குப் போயிருக்கு. வீட்டுல எல்லாரும் டெஸ்ட் குடுத்துடுங்க."

டெஸ்ட்டில் மாட்டியவர் அவரேதான். வழியோரக் கடைகளில் அவசர அவசரமாகத் தின்ற கறி. கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று பீற்றிக்கொண்ட வயிறு.

லோடு இறக்கிவிட்டு வந்ததும் வராததுமாக மகளுக்கு ஊட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வலிப்பு வந்த பிறகோ, ஸ்பூன் குத்திவிடும் என்று மூன்று வேளையும் கையாலேயே ஊட்டினார். வேறு யாரையும் கிட்டே விடவில்லை. அதை நினைத்ததும் குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"தெரிஞ்சா செஞ்சீங்க? முதல்ல மாத்திரைய முழுங்குங்க" என்றாள் மனைவி. அவள் குரலும் சரியாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவளுக்குப் பயமே இல்லை, ஒரே பெருமை.

"அப்பா, உன் வயித்துல இருந்த புழு என் தலைக்கு எந்த வழியா வந்துச்சு?"

எத்தனையோ பேருக்கு வழி சொன்னவர், கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவள் அவரை இழுத்து உட்காரவைத்தாள். கழுவிக் கழுவி வெளிறிப்போயிருந்த கையை மடியில் விரித்துப் போட்டு, ரேகை மேல் விரலை ஓட்டினாள். மெல்ல மெல்ல நகர்ந்து, அவர் ஆள்காட்டி விரலின் நுனியில் வந்து நின்றாள். அதற்குமேல் பாதை இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அப்பாவின் விரலைத் தூக்கி, தன் உதட்டில் வைத்துப் பார்த்தாள்.