வெள்ளையாக விட்ட பதினாறு கட்டங்கள்

பாடகி இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவள் பாடப்போகும் சுரங்கள் அரங்கில் கேட்டன.

ஏணியின் ஏழாவது படியில் நின்று மேடைத் திரைக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்த பாடகியின் கை அந்தரத்தில் நின்றது. கீழே இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. முதல் வயலின்காரி மோகனம் வாசித்துக்கொண்டிருந்தாள். தைவதத்தில் இரண்டு தட்டு, அப்புறம் மேலிருந்து ஒரு சறுக்கு. அந்தச் சறுக்கு தன் தொண்டைக்குள் அல்லவா இருந்தது? மாலை நான்கு மணிக்குத்தானே அது வெளியே வர வேண்டும்?

தூரிகை நழுவி, குழுவை நடத்துபவரின் வெள்ளைச் சட்டையில் நீலக் கோடு இழுத்தது. கையில் குச்சி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஆகவே எல்லோருக்கும் அவர் குச்சி அண்ணன்.

"நேத்துதான் இஸ்திரி போட்டேன்மா," என்றார் அவர்.

அவள் தடதடவென்று இறங்கினாள். "இதை யார் குடுத்தா?"

"தாள்ல இருக்கு, வாசிக்கிறேன்," என்றாள் வயலின்காரி.

தாளில் இருக்கக்கூடாது. ராகமும் மேல்நாட்டுத் தந்தி வாத்தியங்களும் தன் ஓவியமும் சேர்ந்த அந்தப் படைப்பில், இசைத்தாளின் பதினாறு தாளக் கட்டங்களை மட்டும் அவள் வெள்ளையாக விட்டிருந்தாள். அங்கே அவள் அந்த நேரத்தில் தோன்றுவதைப் பாடுவாள். வாசலில் தொங்கிய சுவரொட்டியே அதைத்தான் சொன்னது: 'மேடையிலேயே பிறக்கும் இசை.'

தாளைப் பறித்தாள். பதினாறு கட்டங்களும் நிரம்பியிருந்தன. தங்கையின் கையெழுத்து.

தாள் எழுதித் தருவது தங்கையின் வேலை. ஓரத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி நிரப்பினே?"

"வெறுந்தாளப் பாத்துட்டு எப்ப உள்ள வரதுன்னு அவங்க முழிச்சாங்கக்கா. அதான் நீ பாடறத எழுதிக் குடுத்தேன்."

"நான் இன்னும் பாடவே இல்லையே."

தங்கை விழித்தாள். "உன் பழைய பதிவு முப்பத்தொண்ணு கேட்டேன். எல்லாத்துலயும் இதேதான். நீ மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்னுல்ல நெனச்சேன்?"

"அது மனோதர்மம்டி. அப்பப்பத் தோணறது."

"அப்படியா?" தங்கையின் முகத்தில் கிண்டல் இல்லை. அதுதான் பாடகியைக் கொன்றது.

ஒப்பனை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தங்கையின் கைபேசியில் கேட்டாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய கச்சேரி: இரண்டு தட்டு, ஒரு சறுக்கு. ஐந்து வருடத்துக்கு முந்தையது: இரண்டு தட்டு, ஒரு சறுக்கு. போன மாதம்: அதே சறுக்கு, அதே இடத்தில் அதே கைதட்டல். கண்ணாடியில் பேயறைந்த முகம் ஒன்று தெரிந்தது. இத்தனை வருடமாக அவள் பொய் சொல்லியிருக்கிறாள். தெரிந்து சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

வெளியே வந்து நான்கு தாள்களிலும் அந்தக் கட்டங்களின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினாள்.

"நாங்க எங்கம்மா பிடிச்சிக்கறது?" என்றார் குச்சி அண்ணன்.

"என்னைப் பிடிச்சிக்குங்க."

"நீங்க விழுந்தா?"

அவள் கடைசிக் காகிதத்தின் ஓரத்தை விரலால் அழுத்தினாள்.

நான்கு மணி. அரங்கு நிரம்பியிருந்தது. அந்த இடம் வந்ததும் குச்சி கீழே இறங்கியது. வாயெடுத்தாள்; தைவதம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. விழுங்கினாள். வேறு வழி தேடினாள். அதுவும் அந்தச் சறுக்கிலேயே போய் நின்றது. ஒரு விநாடி. இரண்டு. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். பக்கவாட்டில் தங்கை எழுந்தே நின்றுவிட்டாள்.

பயத்தில் தொண்டை தானாகத் திறந்தது. வந்தது நிஷாதம்.

மோகனத்தில் ஐந்தே சுரம். நிஷாதம் அதில் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. அந்தச் சுரத்திலேயே நின்றாள்; நகரத் துணிவில்லை.

செல்லோக்காரர் வில்லை எடுத்தார். தப்புக்குக் கீழே, ஆழத்தில், காந்தாரத்தை வைத்தார். தப்பு கண்ணைத் திறந்தது. அவள் அதிலிருந்து ஒரு படி இறங்கினாள். அவரும் கூடவே இறங்கினார். அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

முடிந்தபோது கைதட்டல் தாமதமாக வந்தது, எங்கே தட்டுவது என்று தெரியாதவர்களைப் போல.

உள்ளே வந்ததும் தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். "இது என்கிட்ட இல்லக்கா. முப்பத்தொண்ணுலயும் இல்ல."

பாடகிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. செல்லோக்காரருக்கு நன்றி சொல்ல மேடைக்குத் திரும்பினாள். அவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தாள்.

ஒட்டிய வெள்ளைக் காகிதத்தின் மேல், பென்சிலில், நிஷாதம். கீழே காந்தாரம். படிப்படியாக இறக்கம். பதினாறு கட்டமும்.

"நாளைக்கும் இதையே வச்சிக்கலாம்மா," என்றார் அவர், பெருமையாக. "அபாரம்."

அவள் கை நீட்டினாள். அவர் வாழ்த்துக்கென்று எண்ணித் தன் கையைக் கொடுக்க வந்தார்.

"அது இல்லண்ணே. அந்த ரப்பரைக் குடுங்க."