மூக்கு யார் மாதிரி?

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் டாக்டர் சொன்ன தேதி வரை காத்திருக்கவில்லை. இரண்டு மாதம் முன்னதாகவே வந்துவிட்டாள்.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஏழு மாத வயிற்றோடு மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசிலாலேயே பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று கண் இருட்டியது. ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மதியத்துக்குள் ஆபரேஷனும் முடிந்துவிட்டது. அம்மா கீழ்த்தளத்து வார்டில், மகள் மூன்றாம் மாடியில், குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தீவிர சிகிச்சைப் பிரிவில். நடுவில் மெக்கானிக் மேலும் கீழுமாக அலைந்தார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மகளை அவரால் சரியாகப் பார்க்கவே முடியவில்லை. கண் தானாகவே பக்கத்திலிருந்த மானிட்டருக்குப் போய்விடும். மெஷினோடு பழகிய ஆளாயிற்றே. அவர் தொழிலில் சிவப்பு விளக்கு எரிந்தால் எங்கோ கோளாறு. லிஃப்டின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து சரிசெய்ய வேண்டியதுதான். இங்கே அலாரம் அடித்தது. நர்ஸ் வந்தாள், குழந்தையின் பாதத்தை விரலால் லேசாகத் தடவினாள், அலாரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"சிஸ்டர், என்ன ஆச்சு?"

"பயப்படாதீங்க. மூச்சு விடக் கொஞ்சம் மறந்துட்டா. ஞாபகப்படுத்தினேன். இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்."

அதைக் கேட்டு அவர் தன் மூச்சை மறந்தார். அதிலிருந்து மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கீழே போனதும் மனைவி கேட்டாள், "எப்படிங்க இருக்கா?"

"ஆக்சிஜன் தொண்ணூத்தி நாலு."

"சரி. மூக்கு யார் மாதிரி?"

"மூக்குல டியூப் இருக்கு."

"டியூப் தெரியும். மூக்கைச் சொல்லுங்க."

மெக்கானிக் திருதிருவென்று முழித்தார். உதடு, காது, தலைமுடி என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் மானிட்டரில் பார்த்த நம்பர்களையே திருப்பித் திருப்பிச் சொன்னார். மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "எழுந்து போய்ப் பார்க்க எனக்குத்தான் இன்னும் விடமாட்டேங்கிறாங்க. நீங்க என் பொண்ணைப் பார்த்துட்டு வந்தீங்களா, இல்ல டிவி பார்த்துட்டு வந்தீங்களா?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் மூன்றாம் மாடிக்கு வந்து வராந்தா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். அங்கே ஒரு அக்கா ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். அவளுடைய இரட்டைப் பிள்ளைகளும் ஒரு காலத்தில் இதே பிரிவில் இருந்தவர்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள், வீட்டைத் தலைகீழாக்குகிறார்கள். கடைக்கு லீவு விடும் நாளில் அவள் இங்கே வந்து, புதிதாக வந்த அப்பா அம்மாக்களோடு பேசிக்கொண்டிருப்பாள். ஆஸ்பத்திரிக்காரர்களே கேட்டு ஏற்பாடு செய்தது அது.

"என்ன தம்பி, வீட்டுல டோஸா?" என்றாள்.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்கத் தோன்றாமல் அவர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். கடைசியில், "எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியலக்கா. கதவைத் திறக்கவும் முடியாது, எதையும் சரிசெய்யவும் முடியாது. நான் எதுக்கு அங்க நிக்கணும்?" என்றார்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"நடுவுல லிஃப்ட் நின்னு ஆள் மாட்டிக்கிட்டா, கதவைத் திறக்கிற வரைக்கும் என்ன செய்வீங்க?"

"வெளியே நின்னு பேசிக்கிட்டே இருப்போம். உள்ளே இருக்கிறவங்க பயந்துடக் கூடாது பாருங்க. அதுதான் முதல் வேலை. ரிப்பேர் எல்லாம் அப்புறம்தான்..."

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். "ரிப்பேருக்கு உள்ளே டாக்டர் இருக்காங்க. போங்க, கையைக் கழுவிட்டு முதல் வேலையைப் பாருங்க. உங்க குரல் அவளுக்கு வயித்துல இருந்தே பழக்கம்."

மறுநாள் மனைவியைச் சக்கர நாற்காலியில் மேலே கூட்டிப்போக அனுமதி கிடைத்தது. ஒரு நர்ஸ் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே கணவரின் குரல் கேட்டது. கண்ணாடிப் பெட்டியின் வட்ட ஜன்னல் பக்கம் குனிந்து, மெதுவாக, ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"மேடம், பதற வேண்டாம். உள்ளே காத்து நல்லா வருது. நாங்க வெளியேதான் இருக்கோம், எங்கேயும் போகமாட்டோம். கண்ட பட்டனை அமுக்காதீங்க. வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க மேடம், அது நம்மளோடது இல்ல..."

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் போட்ட வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, வலிக்குது, நிறுத்தச் சொல்லுங்க சிஸ்டர்" என்று சிரித்தாள். நர்ஸும் சிரித்தாள். மெக்கானிக் திரும்பிப் பார்த்து அசடு வழிந்தார். பிறகு, பாடம் ஒப்பிக்கும் பையன் மாதிரி மூச்சு விடாமல் சொன்னார்: "மூக்கு உன்னோடது. நுனி கொஞ்சம் தூக்கி இருக்கு. காது எங்கப்பாவோடது, பாவம். இடது புருவம் மட்டும் கோவமா இருக்கு. வா, நீயே பாரு."

அவள் பார்த்தாள். அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அன்று முதல் குழந்தைக்கு 'மேடம்' என்றே பேர் நின்றது. நர்ஸுகளும் அப்படியே கூப்பிட்டார்கள்.

மேடத்துக்கு எடை கூடியது. தோலோடு தோலாக நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். முதலில் அம்மா வைத்துக்கொண்டாள். ஒரு பீரியட் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்தறியாத டீச்சர், மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மறுத்தாள். அடுத்தது மெக்கானிக்கின் முறை. சாய்வு நாற்காலியில் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, தூக்குக்குப் போகிற ஆள் மாதிரி உட்கார்ந்தார். நர்ஸ் வயர்களோடு மேடத்தைக் கொண்டுவந்து அவர் நெஞ்சில் கவிழ்த்துப் போர்த்தினாள். மானிட்டர் அவருக்கு முதுகுப் பக்கம் போய்விட்டது.

சற்று நேரத்தில் அலாரம் அடித்தது. மெக்கானிக் உறைந்துபோனார். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

"திரும்பாதீங்க, அவளைப் பாருங்க" என்றாள் மனைவி. அவளுக்கும் உள்ளே திக்கென்றுதான் இருந்தது.

அவர் குனிந்தார். சிவந்த வாய் லேசாகத் திறந்திருந்தது. முதுகின் மேலிருந்த உள்ளங்கைக்கு அடியில் விலா ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. "மூச்சு விடறாளே" என்றார் ஆச்சரியமாக.

நர்ஸ் வந்து போர்வைக்குள் கையை விட்டாள். "கால்ல இருந்த சென்சரை உதைச்சுத் தள்ளிட்டா. வேற ஒண்ணும் இல்லை."

"உதைச்சாளா!" டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எந்தக் காலு சிஸ்டர்? வலதா, இடதா?"

பிறகு மேடத்துக்கு ஒரு ஜலதோஷம் வந்து பயமுறுத்தியது. அன்றும் பார்லர் அக்கா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, தன் இரட்டையரின் அட்டகாசங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜலதோஷமும் தீர்ந்தது. டியூப் போனது, வயர் ஒவ்வொன்றாகப் போனது. ஒரு சனிக்கிழமை காலை, பெரிய தொப்பிக்குள் சின்ன முகத்தோடு மேடம் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

மெக்கானிக் காரை ஓட்டிய வேகத்தில் சைக்கிள்காரர்கள் எல்லாம் முந்திக்கொண்டு போனார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும் மேடத்துக்கு வெயில் பிடிக்கவில்லையோ, பசியோ, வாயைத் திறந்து வீல் என்று கத்தினாள். ஆஸ்பத்திரியில் பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டிருந்தவளா இவள்! எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரும் கையுமாக வெளியே வந்து, "என்ன சத்தம் அது?" என்றார்.

"எங்க பொண்ணுதான்!" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில், தெருவே கேட்கும்படி.