மறுமுனைக்கு ஓர் ஆள்

அப்பாவின் நகக்கண்களில் காய்ந்திருந்த பட்டியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் மகள். கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கும் அந்த வெள்ளைப் பசை, நாற்பது வருடமாக அந்த விரல்களில் ஊறியது. வருவதாக இல்லை.

"விடுடி," என்றாள் அம்மா. "அதையும் எடுத்துட்டா போற இடத்துல ஆளை அடையாளம் தெரியாது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். காலையிலிருந்தே அப்படித்தான். எழுபத்தாறு வயது. விடிந்ததும் டீ குடித்து, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஒரு ஜோக்குக்கு வயிறு குலுங்கச் சிரித்து, அந்தக் களைப்பில் நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஜோக் சொன்னவர்தான் இடிந்துபோயிருந்தார். "அவ்வளவு நல்ல ஜோக்கு இல்லைங்க அது," என்று வருகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்கு ஆளுங்கட்சிச் செயலாளர் கொடியோடு வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் எதிர்க்கட்சிக்காரரும் வந்துவிட்டார். அவர் கையிலும் ஒரு கொடி. டீக்கடை, முடிவெட்டும் கடை, பெண் கொடுப்பது, எடுப்பது எல்லாமே இரண்டாகப் பிரிந்து கிடந்த ஊர் அது. கண்ணாடிக்காரர் தங்கள் ஆள்தான் என்று இருவரும் சத்தியம் செய்தார்கள்.

"ரெண்டு பேரும் மடிச்சு வைங்க," என்றாள் அம்மா. "துணி போட்டு மறைக்கிறது அவருக்கு ஆகவே ஆகாது. கண்ணாடிக்காரருய்யா அவரு. அந்த பெஞ்சை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கி வெளிய போடுங்க. ஜனம் நிக்குது பாருங்க."

தூக்கிப் போட்டார்கள். வேறு வழியில்லாமல் அதிலேயே அருகருகே உட்கார்ந்தார்கள். பேச்சு தானாகவே அப்பாவின் நிபந்தனைக்கு வந்தது.

தேர்தல் வந்தால் ஊரில் கண்ணாடி உடையும். எந்தக் கட்சிக்காரர் கடையானாலும் அப்பா போய்ப் புதுக் கண்ணாடி போடுவார். ஆனால், உடைத்தவனே வந்து மறுமுனையைப் பிடிக்க வேண்டும். போலீஸ் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அசையாமல் பிடித்தால் போதும்.

"எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு," என்றார் செயலாளர். "இவங்க ஆபீஸ் கண்ணாடியை உடைச்சுட்டேன். ஒரு மணி நேரம் பிடிக்க வெச்சாரு மனுஷன். மூக்கு அரிக்குது, கையை எடுக்க விடல!"

"கடைசியில நான்தானய்யா சொறிஞ்சு விட்டேன்," என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

பெஞ்சே குலுங்கியது. பொத்தான் என்று ஊர் கூப்பிடும் தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்நேரமும் வாயில் ஒரு பொத்தானை அடக்கிக்கொண்டு பேசுகிறவர், பரம்பரை எதிர்க்கட்சி.

"என் கடைக்கு மட்டும் ரெண்டு மாசமா அட்டைதான்," என்றார். "உங்க ஊர்வலம் போனப்ப விழுந்த கல்லு. கண்ணாடியை அளந்து வெட்டியே வெச்சுட்டாரு. கேட்டா, 'பிடிக்கிற ஆளு இன்னும் வரலப்பா'ம்பாரு. இப்ப அவரும் போயாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். வாசற்படியில் நின்ற மகள் சிரிக்கவில்லை.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆளுங்கட்சி ஊர்வலத்தில் தொண்டை கட்டக் கத்தியவள். பொத்தான் கடைக் கண்ணாடி, அன்றிலிருந்து அவள் அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்திருந்தது. அப்பா தினமும் அதைத் துடைப்பார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் தினமும் அதை ஒட்டி நடந்து வேலைக்குப் போய்வந்தாள். பழி பஞ்சர் கடைக்காரர் மேல் விழுந்திருந்தது. வாராவாரம் திங்கட்கிழமை ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிற அவரும் அதோ, நடைபாதை ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் உடைச்சேன்," என்றாள்.

யாரோ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

செயலாளர் எழுந்து பக்கத்தில் வந்தார். "டீச்சர், துக்கத்துல ஏதேதோ பேசாதீங்க," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஆளுங்க யாரும் கல்லெறியலன்னு நான் பேட்டி குடுத்திருக்கேன்."

"பேட்டி உங்களுது சார். கல்லு என்னுது."

அவள் நேராகப் பஞ்சர் கடைக்காரரிடம் போனாள். அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு திங்கக்கிழமை, டீச்சர்."

"எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்ணே. நாளைக்கே போய் எழுதிக் குடுத்துடறேன். வேலைக்கு என்ன ஆனாலும் சரி."

அவர் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தார். "தனியா போகாதீங்க. அந்த ஏட்டு எழுத்துப் பிழை பிடிப்பான். நானும் வர்றேன்."

பொத்தான் வாயிலிருந்த பொத்தானை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவர் பொத்தான் இல்லாமல் பேசி யாரும் கேட்டதில்லை.

"குறி பார்த்தா அடிச்சீங்க?"

"இல்ல. மேல இருந்த கட்சி போர்டைத்தான்."

"போர்டு கண்ணாடிக்கு நாலடி மேல இருக்கு! நீங்க எப்படிம்மா பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றீங்க?"

முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு அடக்க முடியாமல் பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஜோக் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர்கூட அன்றைக்கு முதல்முறையாகப் பல்லைக் காட்டினார். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"வண்டி நாலு மணிக்குத்தான்," என்றாள் அம்மா. "கண்ணாடியை எடுத்துட்டுப் போங்க. அதுவரைக்கும் இவரு எங்கயும் போயிட மாட்டாரு."

ஆணியும் சுத்தியலும் பட்டி டப்பாவும் பஞ்சர் கடைக்காரர் கையில். கண்ணாடிக்கு ஒரு முனை பொத்தான், மறுமுனை அவள். தெருவில் நடக்கும்போது மாடிகளும் மின்கம்பிகளும் ஒரு துண்டு வானமும் கண்ணாடிக்குள் கூடவே வந்தன. எதிரே வந்த பஸ் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கி நின்றது.

கடையில் அட்டையைப் பிரித்தார்கள். சிறு வயதில் பார்த்தது கைக்கு மறந்திருக்கவில்லை. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். பஞ்சர் கடைக்காரர் ஆணி அடித்தார், பட்டி பூசினார். தோள் கடுத்தது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.

"போதும்மா, பிடிச்சிருச்சு. விடுங்க," என்றார் பொத்தான் இரண்டாவது முறையாக.

விட்டாள். கண்ணாடி நின்றது.

தெருவோடு வந்த ஒரு பெண் கடைக்கு முன்னால் நடையை மெதுவாக்கினாள். உள்ளே மூன்று பேர் நிற்பதைக் கவனிக்காமல் புதுக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். நெற்றியில் விழுந்த முடியைக் காதோரம் ஒதுக்கினாள். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். திருப்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பையைத் தோளில் மாற்றிக்கொண்டு வேகமாக நடந்து போனாள்.