ஜஹீராவின் தேக்சா

கிழக்குத் தாம்பரத்தில் சரோஜினி டீச்சர் வீட்டு நாவல் மரத்துக்கு 2005 ஜூன் மாதத்தில் என்ன வந்ததோ தெரியவில்லை, காய்த்துத் தள்ளிவிட்டது. மின்சார ரயில் போகும்போதெல்லாம் மரம் பத்துப் பழத்தை உதிர்க்கிறது என்று சரோஜினி நம்பினாள். தண்டவாளம் எங்கே, வீடு எங்கே என்று அவள் கணவன் தனசிங் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். விடியற்காலையில் அரைத்தூக்கத்தில் கிடப்பாள். தூரத்தில் ரயில் சத்தம் வரும். கொஞ்சம் பொறுத்து, சொத், சொத் என்று மண்ணில் பழம் விழும். அந்த நேரத்தில் அவளுக்கு உலகத்தில் யார் மேலும் வருத்தம் கிடையாது. எழுந்து முகம் கழுவும்போதுதான் போன வருஷம் ஞாபகத்துக்கு வரும்.

பழத்தைத் தெருவுக்கே கொடுத்தாள். இஸ்திரி வண்டி சிட்டிபாபுவுக்கு ஒரு கூடை, சர்ச்சுக்கு இரண்டு கூடை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனதில் ஸ்டாஃப் ரூம் முழுக்க ஊதா நாக்கு. ஹெட்மாஸ்டர் அந்த நாக்கை வைத்துக்கொண்டே ஒழுக்கத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு பழம்கூடப் போகவில்லை. அது சுவரை ஒட்டிய ஜஹீராவின் வீடு.

பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஜஹீராவுக்கு அவள் 'சரோக்கா'. ஒவ்வொரு ஜூனிலும் சரோஜினி நாவல்பழ ஜாம் கிளற, ஜஹீராவின் பிரியாணி தேக்சாதான் வரும். அந்த அகலமும் அந்தக் கனத்த அடியும் வேறு பாத்திரத்துக்குக் கிடையாது. போன வருஷமும் அப்படித்தான் காலையில் தேக்சா வந்து, மத்தியானம் அடுப்பில் ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போது பக்கத்து மொட்டைமாடியிலிருந்து ஒரு கூப்பாடு. சரோஜினி தன் மாடிக்கு ஓடினாள். ஜஹீராவின் கணவர் ஜமால் மறுநாள் மக்காவுக்கு உம்ரா கிளம்புகிறார். அங்கே உடுத்திக்கொள்ளும் வெள்ளை இஹ்ராம் துணியை ஜஹீரா அலசிக் கொடியில் போட்டிருந்தாள். மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளையிலிருந்து பழம் விழுந்து துணியெல்லாம் ஊதாத் திட்டு.

"மூணு நாளா பாத்துப் பாத்து வெச்சிருந்தேன்" என்று ஜஹீரா அழுதாள். "அந்தக் கிளைய வெட்டிடுங்க டீச்சர்."

அக்கா போய் டீச்சர் வந்துவிட்டது. அது சரோஜினிக்குச் சுருக்கென்றது. "நாவ மரத்துக்குக் கீழ வெள்ளத் துணி காயப்போட்டா அப்படித்தான் ஆவும்" என்று சொல்லிவிட்டாள். சொன்னது நியாயமான பேச்சுதான். நியாயம் பேசுகிற நேரமா அது? திரும்பி வந்து பார்த்தால் ஜாம் அடிப்பிடித்திருந்தது.

ஜமால் வேறு துணி வாங்கிக்கொண்டு போய் நல்லபடியாகத் திரும்பி வந்தார். தெருவில் வீட்டுக்கு வீடு அங்கிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தார்கள். சரோஜினி வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அன்று அவள் வாசலிலேயே வெகுநேரம் நின்றிருந்தாள்.

தேக்சா இவள் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. நாலு மாங்காயோ ஒரு பிடி சர்க்கரையோ போட்டுத்தான் கொடுப்பது. வெறுமையாகக் கொடுக்க மனசு வரவில்லை. நிரப்பிக் கொடுக்க முகம் இல்லை. ஜஹீராவும் கேட்டு அனுப்பவில்லை. பக்ரீதுக்கு வாடகைப் பாத்திரத்தில் சமைத்தார்கள் என்று சிட்டிபாபு சொன்னபோது, நம் வீட்டில் தொட்ட பாத்திரம்கூட அவளுக்கு வேண்டாமோ என்று சரோஜினி குன்றிப்போனாள்.

இந்த ஜூனில் ஒரு சனிக்கிழமை காலை தனசிங் கொக்கிக் கம்போடு மாடி ஏறினான். பின்னாலேயே கூடையோடு சரோஜினி. பழம் மிகுதியாகத் தொங்கியது அந்தக் கிளையில்தான், பக்கத்து மாடிப் பக்கம். ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்து போயிற்று, இலையெல்லாம் சிலிர்த்தது. தற்செயலாகக் கீழே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பக்கத்து மாடியில், கிளைக்கு நேர் கீழே, ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. நாலு மூலையிலும் செங்கல். துணியில் வெளுத்துப்போன பழைய ஊதாத் திட்டுகள், அவற்றின் மேல் இன்று விழுந்த பளபளப்பான பழங்கள். ஓரமாக ஜஹீரா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடி, கொட்டையை உருட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் ரயில் சத்தம் கேட்டிருக்குமோ என்று சரோஜினிக்குத் தோன்றியது. கிளையை அவர்களே வெட்டியிருக்கலாம், பாதிக் கிளை அவர்கள் பக்கம்தானே. வெட்டவில்லை.

"இன்னா, மரத்த விட்டுட்டு வேடிக்க பாக்குற?" என்றான் தனசிங்.

"பரண்லேர்ந்து தேக்சாவ எறக்குங்க" என்றாள் அவள்.

பழத்தை உப்புத்தண்ணீரில் அலசி, வேகவைத்து, சல்லடையில் தேய்த்துக் கொட்டையை நீக்கினாள். விழுதைத் தேக்சாவில் ஊற்றிச் சர்க்கரை போட்டாள். பிறகு மத்தியானம் முழுக்கக் கிளறல்தான். அடுக்களையில் இனிப்பு ஆவி நிறைந்து, சுவரெல்லாம் ஊதாவாகத் தெரிந்தது. கரண்டி சுற்றச் சுற்றக் கண் சொருகியது. விழித்துக்கொண்டுதான் இருக்கிறோமா என்றுகூடச் சந்தேகம். ஆனால் கை நிற்கவில்லை. இந்தத் தடவை அடிப்பிடிக்க விடமாட்டாள். எலுமிச்சம்பழம் பிழிந்தாள். தட்டில் விட்ட சொட்டு ஓடாமல் நின்றதும் இறக்கினாள். சாயங்காலம் ஆறியதும் தேக்சாவை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள்.

"நான் ஒரு பக்கம் புடிக்கட்டா?" என்றான் தனசிங்.

"வேணாம். நான் தூக்கினாதான் சரி."

ஜஹீரா வீட்டு கேட்டைத் தட்டக் கை இல்லை. "ஜஹீரா" என்று கூப்பிட்டாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் அந்தப் பெயர் வாயில் வந்தது.

ஜஹீரா வந்தாள். தேக்சாவைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள். மறுபக்கத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக உள்ளே கொண்டுபோய் இறக்கினார்கள்.

"அன்னிக்கி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றாள் சரோஜினி.

ஜஹீரா அலமாரியைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கேன், ஒரு டப்பா. கேனில் ஒட்டிய தாளில் ஜமாலின் கையெழுத்து: சரோக்கா வீடு.

"ஒரு வருசமா கீது. தண்ணி கெடாது, பேரீச்சம்பழம் கல்லாப் பூடுச்சு. நீங்க வருவீங்கன்னு பாத்துகினே இருந்தேன்."

"நீ தேக்சாவக் கேக்கவே இல்லியே. பக்ரீதுக்குக்கூட வாடகைக்கு எடுத்தீங்களாமே?"

"கேட்டா குடுத்துடுவீங்கல்ல?" என்றாள் ஜஹீரா. "அப்பறம் உங்க வூட்டுல என்னுது இன்னாக்கா இருக்கும்?"

சரோஜினி அழுதுவிட்டாள். வெட்கப்படவில்லை.

பிறகு இருவரும் வீட்டிலிருந்த பாட்டில், சம்படம் எல்லாவற்றிலும் ஜாமை வழித்து நிரப்பினார்கள். ஜஹீரா தேக்சாவைக் கழுவித் துடைத்து மாடிக்கு எடுத்துப்போனாள். திரும்பி வந்தபோது அதில் பாதிக்குமேல் நாவல்பழம் இருந்தது. அந்த வெள்ளைத் துணியையே மடித்து மேலே மூடியிருந்தாள்.

"இந்தாங்கக்கா. இன்னும் பதினஞ்சு நாளிக்கி விழும்."

சரோஜினி அதைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தாள். தனசிங் பரணுக்கு ஏணியைச் சாய்த்தான்.

"வேணாம், கீழயே இருக்கட்டும்" என்றாள்.