பச்சைத் தண்ணீர்

"அப்பா, நமக்கெல்லாம் தண்ணி, காருக்கு மட்டும் ஏன் ஷர்பத்து?"

சோஃபியா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயதிருக்கும். திறந்திருந்த பானெட்டுக்குள் எக்கிப் பார்த்து, ஓரத்துப் பிளாஸ்டிக் தொட்டியில் பச்சையாய்த் தெரிந்த, இன்ஜினின் சூட்டைத் தணிக்கும் கூலன்டை விரலால் காட்டிக் கேட்டாள். "அதுக்கு உன்ன விடச் சூடு ஜாஸ்தி, அதான்" என்று கில்பர்ட் சிரித்தார். அதோடு மறந்தும்போனார். இன்று சோஃபியா எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாள், அங்கேயே ஒரு பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கிறாள். அவளுக்கே அந்தக் கேள்வி நினைவில் இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பும்போது, டோல் மேம்பாலத்தின் நடுவே வண்டியின் சூட்டு முள் ஏறியது. பானெட்டின் விளிம்பில் ஆவி கசிந்தது. ஓரம் கட்டி, ஆற விட்டு, ஊர்ந்து ஊர்ந்து ஈஜிபுரா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மெக்கானிக் பார்த்தார். "கூலன்ட் மாத்தி வருஷக்கணக்கா ஆயிருக்கு சார். எல்லாத்தையும் எடுத்துட்டு, உள்ள கழுவி, புதுசு ஊத்தணும். திருவிழா முடிஞ்சு கொண்டாங்க" என்றார்.

திருவிழாவுக்குத்தானே வண்டியே வேண்டும். நாளை சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா. சோஃபியாவை அழைத்துவந்து மூவருமாய்ப் போவது வழக்கம். ஆகவே பள்ளிக்கூட ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, செல்போனில் பார்த்துத் தெரிந்துகொண்டதை நம்பி, கில்பர்ட் தானே இறங்கிவிட்டார்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டரின் மூடியைத் திறந்து, அடியிலுள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றினால் பழையது இறங்கிவிடும். பிறகு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி ஓடவிட்டுக் கழுவி, தெளிவாக வரும்வரை அதையே திரும்பச் செய்து, கடைசியில் புது கூலன்ட் நிரப்ப வேண்டும். முதலில் துருவோடு செம்மண் நிறத்தில் வந்ததை ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் பிடித்தார். அதன் பின்னால் வந்தது நல்ல பச்சை.

அதைச் சாக்கடையில் விட அவருக்கு மனம் வரவில்லை. கூலன்ட் இனிக்கும் என்றும், தெரு நாய்கள் நக்கிக் குடித்துவிட்டுச் சாகும் என்றும் எங்கோ படித்திருந்தார். வாயில்லாத ஜீவன் நம்மால் சாகலாமா? மெக்கானிக் கடையில் கழிவுக்கென்று டிரம் இருக்கிறது, அங்கே கொடுத்துவிடலாம். வீட்டுப் படியில் மனைவி மௌரீன் கழுவிக் காயவைத்திருந்த காலி பாட்டில்களில் இரண்டை எடுத்தார். புனல் வைத்து நிரப்பி, மூடி போட்டு, காலில் தட்டுப்படாமல் இருக்கட்டும் என்று அதே படியின் ஓரத்தில் வைத்தார். டிஸ்டில்ட் வாட்டர் போதாது என்று தெரிந்ததும், இன்னும் இரண்டு கேன் வாங்கக் கடைக்கு நடந்தார்.

நல்லது செய்கிறவர்களிடம் ஒரு குறை உண்டு. மனசு சுத்தமாக இருந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துவிடுவார்கள். கில்பர்ட்டும் மௌரீனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடையிலிருந்து திரும்பியபோது படி காலியாக இருந்தது.

முதலில் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கேன்களைக் கீழே வைத்தார். மழை வந்தால் என்ன செய்வது என்று வானத்தைப் பார்த்தார். பிறகுதான் மறுபடி படியைப் பார்த்தார். மௌரீன் காலையிலிருந்து வெட்டிவேர் ஷர்பத் கலந்துகொண்டிருந்தது, கால்நடையாய் மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு விவேக்நகர் திருப்பத்தில் பந்தல் போட்டுக் கொடுப்பதற்காக என்பது, பாட்டில்களைக் கழுவி வைத்ததே அதற்காக என்பது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. நிரப்பியவற்றையும் அதே படியில்தான் அடுக்கியிருப்பாள். வழக்கமாக வரும் ஆட்டோக்காரர் ரவியின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். வெட்டிவேர் ஷர்பத்தும் பச்சை.

காருக்கு மட்டும் ஏன் ஷர்பத்து?

மௌரீனுக்குப் போன் போட்டார். உள்ளே, சார்ஜரில் கிடந்த அவள் போன் அடித்தது. காரைப் பார்த்தார். ஹோஸ் கழன்று தொங்கியது, ரேடியேட்டரில் ஒரு சொட்டு இல்லை. ஹோஸை மாட்டி, தண்ணீர் ஊற்றி, கிளப்பி, நெரிசலில் நுழைந்து போவதற்குள் எத்தனை பேர் கோப்பையை நீட்டியிருப்பார்கள்? துணியில் கையைக்கூடத் துடைக்காமல் தெருவில் இறங்கி ஓடினார்.

ஈஜிபுரா மேம்பாலத் தூண்களுக்கு நடுவே பஸ்கள் நகராமல் நின்றுகொண்டிருந்தன. ஆட்டோக்காரர்கள் வர மறுத்துத் தலையை ஆட்டிவிட்டார்கள். நடைபாதையில், மாதாவுக்கு நேர்ந்துகொண்ட காவிப் புடவை, காவி வேட்டிக் கூட்டம் செருப்பில்லாமல் ஜெபம் சொல்லியபடி போய்க்கொண்டிருந்தது. அவர்களைத் தாண்டித் தாண்டி ஓடும்போது கில்பர்ட் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். இந்தம்மா குடிக்குமோ? தோளில் குழந்தை தூங்க நடக்கிற இந்த ஆள் குடிப்பானோ? கிரீஸ் படிந்த விரல்களையே ஜெபமாலை மணிகளாய் எண்ணினார். அருள் நிறைந்த மரியே என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை, அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பந்தலில் மௌரீன் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பங்குக் கோயில் இளைஞன் ஷெர்வின் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன அங்கிள், இவ்ளோ தாகமா?" என்றான் ஷெர்வின். "உங்களுக்குன்னாலும் க்யூ தான்."

கில்பர்ட் மேசைமேல் கவிழ்ந்து, நிரம்பிய கோப்பைகளின்மேல் இரண்டு கைகளையும் விரித்தார். "குடுக்காத. யாருக்கும் குடுக்காத."

"என்னாச்சுங்க?" என்றாள் மௌரீன்.

வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. சர்க்கரை கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம் என ஒரு கணம் தோன்றியது. ஆனால் கெட்ட சர்க்கரை என்றால் அரைக் கோப்பை குடித்தவர் பேசாமல் போய்விடுவார். "இதுல ரெண்டு பாட்டில் கார்ல இருந்து எடுத்த கூலன்ட்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "விஷம். நான்தான் படியில வெச்சேன். குடிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க."

ஒரு பெரியவர் கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

பாட்டில் பாட்டிலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். காலியாகிப்போன பாட்டில்களில் வெட்டிவேர் வாசனைதான் இருந்தது. கடைசி வரிசையில், மூடி திறக்காத ஒன்றின் அடியில் துருப்பொடி படிந்திருந்தது. சாய்த்தால் புகை மாதிரி எழுந்தது. கில்பர்ட் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு?"

ஷெர்வின் இன்னொரு முறை எல்லாவற்றையும் பார்த்தான். இல்லை. மௌரீன் தெருவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரவி கேட்டாருங்க" என்றாள். "எறக்கி வெச்சுட்டு, பாப்பாவுக்கு ஒண்ணு எடுத்துக்கவாக்கான்னாரு. ஆட்டோவுக்குக் காசு வேணாம்னுட்டாரேன்னு நான்தான் நல்லதா ஒண்ணு பாத்து, நெறைய இருக்கறதா எடுத்துக் குடுத்தேன்."

ஷெர்வினின் போனிலிருந்து ரவியைக் கூப்பிட்டார்கள். போன் அணைந்திருந்தது.

"வீடு மாவு மில்லுக்குப் பின்னால, நீல கேட்டு. நீங்க போங்க. நான் ஒவ்வொண்ணா திரும்பப் பாக்கறேன். எனக்கு இப்ப எதையும் நம்ப முடியல" என்றாள் மௌரீன்.

ஷெர்வின் தன் ஸ்கூட்டரை எடுத்தான். வந்த வழியிலேயே ஈஜிபுராவுக்குத் திரும்பினார்கள். பின்னால் உட்கார்ந்து, மடியில் அந்த பாட்டிலை இறுக்கிக்கொண்டிருந்தார் கில்பர்ட். இனிப்பு. அதுதான் அவரை வாட்டியது. கசந்தால் குழந்தை துப்பிவிடும். இனித்தால் இன்னும் கேட்கும்.

நீல கேட்டுக்கு முன்னால் ஆட்டோ இல்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே ரவியின் மனைவி சரசு, பூக் கட்டிக்கொண்டிருந்தவள், அவர் கோலத்தைப் பார்த்து எழுந்து நின்றாள். அவள் பின்னால் ஒரு சின்னப் பெண், புடவையைப் பிடித்துக்கொண்டு சிணுங்கியபடி.

"அம்மா, அந்த ஷர்பத்து. ரவி கொண்டாந்த பாட்டில். எங்க இருக்கு?"

"ஏன் சார்? அதோ, சாமிகிட்ட" என்றாள் சரசு.

சுவரில் ஒரு மரப் பலகை. முருகன், எல்லம்மா, நடுவே ஒரு சின்ன வேளாங்கண்ணி மாதா. அவர்கள் முன்னால் அந்த பாட்டில் நின்றது. அதன் கழுத்தில் ஒரு முழம் கனகாம்பரம் சுற்றியிருந்தது. கழுத்து வரை பச்சை. மூடி இறுகியிருந்தது. கில்பர்ட் மூடியைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டுப் பார்த்தார்.

"யாரும் குடிக்கலியா? பாப்பா?"

"எங்க சார் குடிக்கறது. மாதா கோயில் பிரசாதமாச்சே, வெளக்கேத்திக் கும்புட்டுட்டுதான்னு சொல்லிட்டேன். வெளக்குக்கு எண்ணெய் தீந்துபோச்சு. அவரு ஒரு சவாரி முடிச்சுட்டு வாங்கினு வரேன்னு போனாரு, இன்னும் காணோம். இந்தக் கழுத அப்பலேருந்து உசுர வாங்குது. எத்தினி வாட்டிதான் பேடா, வேணாம் வேணாம்னு சொல்றது."

கில்பர்ட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தேம்பலுக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னார். காரை, படியை, சொல்லாமல் போனதை. சரசு நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் ஒருமுறை மகளை இழுத்துத் தன் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் திட்டியிருக்கலாம், திட்டுவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இந்தாங்க. வெறும் பச்சத் தண்ணிதான். பயப்படாம குடிங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது அவள் கண்களும் நிறைந்திருந்தன.

சின்னப் பெண் பாட்டிலைக் காட்டினாள். "அப்ப அது ஷர்பத்து இல்லியா?"

"இல்ல கண்ணு. அது காருக்கு."

"காருக்கு எதுக்கு?"

"உன் பேரு என்ன?"

"ஸ்வர்ணா."

"உனக்கு நான் நெஜ ஷர்பத்து கொண்டாறேன், ஸ்வர்ணா" என்றார் கில்பர்ட்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டு பாட்டில்களிலும் விஷம் என்று பெரிதாக எழுதி, கார் டிக்கியில் வைத்துப் பூட்டினார். பிறகு ஹோஸை மாட்டினார், கழுவினார், கழுவியது கண்ணாடி மாதிரி தெளிந்து வரும்வரை கழுவினார். புது கூலன்டை மெதுவாக ஊற்றினார். மூடி திறந்தபடி இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாய் வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். குமிழ்கள் நிற்க வேண்டும், விசிறி சுழல வேண்டும், அதன்பிறகே மூடலாம். அவர் மூச்சும் அதோடு சேர்ந்துதான் சமனாகியது.

மௌரீன் இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். படியில் உட்கார்ந்து கால்களை நீட்டினாள்.

"பாட்டிலைக் கழுவி வெச்சது நான். எடுத்தது நீங்க. தூக்கிக் குடுத்தது நான்" என்றாள். "இதுல யாரை யாரு திட்டறது, சொல்லுங்க."

"கோயிலுக்குப் போனதும் பெரிய மெழுகுவர்த்தியா ஒண்ணு ஏத்தணும்" என்றார் கில்பர்ட்.

"ஏத்துங்க" என்றாள் அவள்.

ஆனால் மறுநாள் விடியுமுன் கண் விழித்தபோது அவர் மனதில் மெழுகுவர்த்தி இல்லை. ஒரு மரப் பலகையும், அதில் எண்ணெய் வற்றிய ஒரு சின்ன விளக்கும் இருந்தன. அந்த வீட்டில் நேற்று எண்ணெய் இருந்திருந்தால்? அந்தத் தாய்க்கு ஷர்பத்துதானே என்று அலட்சியம் இருந்திருந்தால்? குழந்தையின் அழுகைக்கு அவள் இளகியிருந்தால்? கடவுள் பெரிய கதவுகள் வழியாகத்தான் வருவார் என்று கில்பர்ட் இத்தனை நாள் நினைத்திருந்தார். நேற்று கடவுள், ஒரு காலி எண்ணெய்ப் புட்டிக்கும் ஒரு ஏழைத் தாயின் மரியாதைக்கும் நடுவில் வந்து நின்றிருந்தார்.

மௌரீன் தூங்கிக்கொண்டிருந்தாள். கில்பர்ட் அடுப்படியில் மீதமிருந்த ஷர்பத் பாட்டிலை எடுத்தார். ஒரு வாய் தன் உள்ளங்கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். வெட்டிவேர். பால் கடைதான் அப்போது திறந்திருந்தது. அங்கேயே ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் வாங்கிக்கொண்டார்.

மாவு மில்லுக்குப் பின்னால் தெரு இன்னும் விழிக்கவில்லை. ரவியின் ஆட்டோ திரும்பி வந்து நின்றிருந்தது, கண்ணாடியில் பனி படிந்திருந்தது. நீல கேட்டில் பால் பாக்கெட்டுக்காக ஒரு துணிப் பை தொங்கியது. ஷர்பத்தைக் கேட்டுக்கு உள்பக்கமாகச் சுவரோரம் வைத்தார். அது ஸ்வர்ணாவுக்குச் சொன்ன சொல். எண்ணெயை, யாருக்கும் சொல்லாததை, துணிப் பைக்குள் சத்தமில்லாமல் இறக்கினார். பையின் காதுகள் கனத்தில் இறங்கின. அறுந்துவிடாது என்று தெரியும்வரை கையால் தாங்கிப் பிடித்திருந்து, பிறகு விட்டார்.

உள்ளே யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. கில்பர்ட் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த வழியே நடந்தார்.