காலடிக்குப் போதுமான வெளிச்சம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகத் தொடங்கவில்லை. 'தினமும் கையோடு வைத்துக்கொள்ளச் சிறந்த சின்ன டார்ச் எது?' என்ற கட்டுரையாகத் தொடங்கியது. பிழைப்புக்கு நான் எழுதுவது இந்த மாதிரிக் கட்டுரைகளைத்தான். ஓர் இணையதளக்காரர் பொருள்களைப் பார்சலில் அனுப்புவார். நான் பயன்படுத்திப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புவேன். குடை, இஸ்திரிப் பெட்டி, சக்கரம் வைத்த சூட்கேஸ், தலையணை. தலையணைக் கட்டுரை எழுதிய மாதம் நான் ஒழுங்காகத் தூங்கவே இல்லை. (சிரிப்பு மூட்டுவதற்காகச் சேர்த்த வரி இல்லை இது. கழுத்து இன்னும் வலிக்கிறது.)

இந்த முறை மூன்று டார்ச்சுகள் வந்தன. கட்டுரையை எழுத உட்கார்ந்தால், வாக்கியத்துக்கு வாக்கியம் அக்கா வந்து நின்றாள். 'கைக்கு அடக்கமானது' என்று எழுதினால் அவள் கை. 'சட்டைப் பையில் செருகிக்கொள்ளலாம்' என்று எழுதினால் அவளுடைய சீருடைச் சட்டையின் பை, பேனா மை கறையோடு. கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு இதை எடுத்தேன். கதை எழுதும் தெம்பெல்லாம் எப்போதோ போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் விட முடியவில்லை, என்ன செய்ய?

2

தொடக்கம், முதல் முயற்சி:

'லிஃப்ட் மெக்கானிக் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். டார்ச் இருந்தது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அவன்'

இரண்டாவது முயற்சி:

'இருட்டு என்பது வெளிச்சம் இல்லாமை அல்ல, அது ஒரு'

ஒரு என்ன? எனக்குத் தெரியவில்லை. இப்படித் தொடங்கும் கதையை நானே இரண்டாவது வரிக்குமேல் படிக்க மாட்டேன். மறுபடி மெக்கானிக்கிடமே போனேன். அக்காவைத் தெரிந்தவர்கள் யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்றுதான் அவளை ஆணாக்கி, மீசை வைத்து, லிஃப்டுக்குள் அனுப்பியிருந்தேன். நல்ல ஏற்பாடு என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"யாருடா இந்த ஆளு?"

"கதையில வர்றவன்க்கா."

"எதுக்கு எப்பப் பார்த்தாலும் பெருமூச்சு விடறான்? இழுப்பு ஏதாவது இருக்கா?"

"அது வந்து, அவன் மனசுல ஒரு பாரம்..."

"நான்தானே அது?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"மூணு டார்ச்சையும் மேசையில பரப்பி வெச்சுக்கிட்டு, மனசுல பாரம்னு ஒருத்தனைப் பத்தி எழுதினா, எனக்கென்ன புரியாதா? என்னைக் கொண்டுபோய் லிஃப்டுக் குழிக்குள்ள இறக்கிட்டியே, நீ நல்லா இருப்ப. மீசை வேற!"

அத்தோடு மெக்கானிக்கின் கதை முடிந்தது. பாவம், அவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

3

ஆகவே உள்ளதை எழுதுகிறேன். அக்கா ஒரு தியேட்டரில் வேலை பார்க்கிறாள். படம் தொடங்கிய பிறகு வருகிறவர்களின் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, டார்ச் அடித்து, இருட்டில் படியேற்றிக் கூட்டிப்போய் இருக்கையில் சேர்ப்பது அவள் வேலை.

அக்காவுக்கு மாலைக்கண். விழித்திரை ஓரங்களிலிருந்து தேய்ந்துகொண்டே வரும் வகை. அப்பாவழியில் வந்தது என்றும், நடுப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிக்கலாம் என்றும், பிடிக்காமலும் போகலாம் என்றும் டாக்டர் சொன்னார். என்னையும் பரிசோதித்தார்கள். எனக்கு இல்லை. அந்த நல்ல செய்தியை அக்காவின் முன்னால் எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது என்று தெரியாமல், மருத்துவமனையிலிருந்து வீடுவரை அரசியல் பேசிக்கொண்டே வந்தேன்.

(இந்த இடத்தில் நீங்கள் புருவத்தைத் தூக்குவீர்கள். இருட்டில் கண் தெரியாதவள் இருட்டிலேயே வேலை பார்க்கிறாளாம், கதை விடுகிறான் என்பீர்கள். நானும் அவளிடம் அதைத்தான் கேட்டேன்.)

"போடா. துணிக்கடையில இருந்தப்போ சாயங்காலம் ஆனா கையில டார்ச் எடுப்பேன். எதுக்கு, எதுக்குன்னு உயிரை வாங்குவாங்க. இங்க டார்ச் இல்லாம நின்னாதான் ஏன்னு கேப்பாங்க."

ஊரிலேயே அவள் டார்ச் வைத்திருப்பதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்காத இடம் அது ஒன்றுதான். அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது.

4

இனி ஒப்பீடு. இதைத் தவிர்க்க முடியாது, தலையெழுத்து.

முதலாவது கறுப்பு. விரல் நீளம், உலோக உடம்பு. வெளிச்சம் ஈட்டிபோல நேராகப் பாயும். எங்கள் மாடியிலிருந்து அடித்தால் எதிர்த் தெருக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியில் போய் விழுந்தது. பெட்டியில் அதைத்தான் பெருமையாக அச்சடித்திருந்தார்கள். நானும் மயங்கி, பத்துக்கு ஒன்பது போட்டேன்.

இரண்டாவது தட்டை. தீப்பெட்டி அளவு, பின்னால் கிளிப். இதற்கு ஏழு. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அதிக வெளிச்சம், இன்னொரு முறை அழுத்தினால் குறைவு, மூன்றாவது முறை விட்டுவிட்டு மின்னும். இந்த மின்னலை யார் கேட்டார்கள் என்று எந்த டார்ச்சிலும் எனக்குப் புரிந்ததில்லை. அக்கா அதை ஒருநாள் வேலைக்கு எடுத்துப்போனாள். படத்தில் கதாநாயகி அழும் கட்டத்தில் பொத்தான் அழுந்தி, அரங்கம் முழுக்கப் பளிச் பளிச்சென்று அடித்திருக்கிறது. போலீஸ் வந்துவிட்டது என்று ஒருவர் எழுந்தே விட்டாராம். ஏன் எழுந்தார் என்பது தனிக்கதை.*

மூன்றாவது சாவிக்கொத்தில் மாட்டுவது. மஞ்சள் வெளிச்சம், தூரம் போகாது, பார்க்கவும் பொம்மை மாதிரி. நாலு போட்டேன்.

*அவர் கையில் இருந்த டிக்கெட் முந்தைய காட்சியுடையது.

எங்கள் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. என் சோதனைக்கூடம் அதுதான். போன வாரம் ஒரு மதியம் அங்கே கறுப்பை அடித்துக் காட்டி, "பாருக்கா, எப்படி?" என்றேன். எதிர்ச் சுவரில் ஒரு வட்டம் விழுந்தது. குழாயின் திருகு மட்டும் அதற்குள் பளபளத்தது. பக்கத்தில் இருந்த வாளி, கால் மிதியடி, துணி தொங்கும் கொடி எதுவும் இல்லை. எல்லாம் கறுப்பு.

அக்கா என் கையிலிருந்து டார்ச்சை வாங்கி அந்த வட்டத்தை மெல்ல நகர்த்தினாள். திருகு போய் வாளியின் விளிம்பு வந்தது. விளிம்பு போய் என் முட்டி வந்தது.

"இப்படித்தான்டா" என்றாள்.

"எது?"

"எனக்குத் தெரியறது. பகல்ல இதைவிடக் கொஞ்சம் பெரிசா. சாயங்காலம் ஆயிட்டா இவ்வளவுதான். பக்கத்துல நீ நிக்கிற, மூச்சு கேக்குது, ஆனா நீ இல்ல."

எத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். டாக்டர் படம் போட்டுக்கூடக் காட்டியிருக்கிறார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாளியைத் தேடுகிற சாக்கில் குனிந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

"ஏற்கெனவே என் கண்ணே இப்படி. இதுல டார்ச்சும் இப்படி இருந்தா நான் என்னத்தைப் பார்க்க? எதிர்த் தெருத் தொட்டி எனக்கு எதுக்கு? காலடியில யாரு காலை நீட்டியிருக்கான்னு தெரியணும். அந்தப் பொம்மையைக் குடு."

பொம்மையை அழுத்தியதும் தரை, வாளி, மிதியடி, எங்கள் நான்கு பாதங்கள், எல்லாம் மங்கலாக ஒருசேரத் தெரிந்தன. நாலு என்று நான் போட்ட மதிப்பெண்ணை அவளிடம் சொல்லவில்லை.

5

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டும் என்பார்கள். நான் தேடிப் போகவில்லை, அது தானாகவே வீட்டுக்கு வந்தது.

அந்தக் குளியலறை மதியத்துக்கு இரண்டு நாள் கழித்து, தியேட்டரில் அக்கா ஒரு வயதான தம்பதியை மேல் வரிசைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். கட்டுரைக்கு வேண்டும் என்று பொம்மையை நான் வீட்டில் வைத்துக்கொண்டிருந்ததால், அவள் கையில் தியேட்டர் கொடுத்த பழைய டார்ச். நடுப்பாதைப் படியில் யாரோ பையை வைத்திருக்கிறார்கள். தடுக்கித் தடுமாறி, கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டாள். பின்னால் வந்த அம்மாள் அவள் முதுகில் மோதி, அந்த அம்மாளின் கணவர் இருவரையும் தாங்கிப் பிடித்திருக்கிறார். யாருக்கும் அடி இல்லை. கீழே கதவருகில் இருந்து மேனேஜர் பார்த்திருக்கிறார்.

"ஏம்மா, கண்ணு தெரியலையா?" என்று கேட்டாராம், சிரித்துக்கொண்டே.

"தூக்கக் கலக்கம் சார்" என்று இவளும் சிரித்தாளாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் விழுந்தா நான் மட்டும் விழமாட்டேன்டா. என் டார்ச்சை நம்பிப் பின்னாடி ஒருத்தங்க வர்றாங்க."

அவள் வேலை போய்விடுமோ என்று பயந்தேனா, அவள் விழுந்துவிடுவாளோ என்று பயந்தேனா என்று கேட்டால், இரண்டும்தான். பொம்மையைக் கொண்டுவந்து அவள் சட்டைப் பையில் போட்டேன்.

6

முடிவுகள்.

(அ) 'படியில் ஒரு கால் நீட்டியிருந்தது. அவள் டார்ச் அதற்கு ஒரு விரல்கடை தள்ளி விழுந்தது. அடுத்த கணம்'

இதற்குமேல் என்னால் முடியவில்லை. விழவைத்தால் கதை நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதிப் பழகிய கை, தானாகவே அந்தப் பக்கம்தான் போகிறது. அக்கா இந்த வரியைப் படித்துவிட்டு, "கதையில என்னை விழவெச்ச, அப்புறம் உனக்குச் சோறு கிடையாது" என்றாள். சோற்றுக்காக நான் நிறுத்தவில்லை, சத்தியமாக.

(ஆ) மேனேஜர் அவள் கையைப் பற்றிக்கொண்டு, கண் கலங்கி, டிக்கெட் கவுண்டரில் வேலை மாற்றித் தருகிறார்.

"அந்த மனுஷன் கண் கலங்கறாரா? ஏசி ரிப்பேர் பில்லு வந்தப்போகூடக் கலங்கலையே. நீ அவரைப் பார்த்ததே இல்லடா."

(இ) புதிய மருந்து ஒன்று கண்டுபிடிக்கப்படுகிறது.

இதைப் படித்தபோது மட்டும் அவள் கேலி செய்யவில்லை. "இதை அழிச்சிரு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அழிக்காமல் இங்கே விட்டிருக்கிறேன். எழுதியதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் விட்டிருக்கிறேன்.

7

இன்று காலை சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்:

"மதியக் காட்சி முடிஞ்சதும் மேனேஜர்கிட்ட சொல்லப் போறேன்."

"என்னன்னு?"

"உள்ளதை. கவுண்டர்ல போடுங்க, இல்ல பகல் வேலை ஏதாவது குடுங்க. முடியாதுன்னா போகச் சொல்லட்டும்."

"காட்சிக்கு முன்னாடியே சொல்லிடேன். இல்லன்னா இன்னைக்கு லீவு போடு."

"என் இடத்துல நிக்க வேற ஆள் இல்லடா இன்னைக்கு. படம் போடறதுக்கு முன்னாடி அவர் கூட்டத்தோட மல்லுக்கட்டிட்டு இருப்பார், காதுல எது ஏறும்?" இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். "இந்த ஒரு காட்சி ஒழுங்கா போயிடணும். விழுந்து மாட்டிக்கிட்டு அழுதுகிட்டே சொல்றது வேற. நானா நிமிர்ந்து நடந்து போய்ச் சொல்றது வேற. எனக்கு அது வேணும்."

"நான் வரட்டுமா?"

"வந்து? எனக்கு நீ டார்ச் அடிப்பியா? உட்கார்ந்து எழுதற வேலையைப் பாரு."

வாசலில் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினாள். பொம்மை அதில் தொங்கியது. 'இதுக்கு எவ்வளவு போட்டே?' என்று கேட்டாள். பத்து என்றேன். பொய் சொல்லாதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.* 

*அவள் தெரு திரும்புவதற்குள் திருத்திவிட்டேன். இணையதளக்காரர் காரணம் கேட்பார். கேட்கட்டும்.

8

சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன். இந்நேரம் படம் தொடங்கியிருக்கும். கொஞ்சம் பொறுத்திருந்து அவள் வந்ததும் நடந்ததைக் கேட்டு எழுதிவிடலாம்தான். செய்யப் போவதில்லை. காட்சி நன்றாக முடிந்தது என்று எழுதினால் நான் இட்டுக்கட்டினேன் என்பீர்கள். வேறு மாதிரி எழுத எனக்குத் தெம்பு இல்லை. கதையை இங்கேயே, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்துகிறேன். மிச்சம் உங்களிடம் இருக்கிறது.

பேச்சுக்குச் சொல்லவில்லை. நீங்கள் அந்த அரங்கத்தில்தான் இருக்கிறீர்கள், நடுப்பாதையை ஒட்டிய இருக்கையில். காலையிலிருந்து உழைத்த அலுப்பு உங்களுக்கும் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, கையிலிருந்த பையைப் படியில் வைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். கீழே கதவு திறந்து மூடுகிறது. தாமதமாக வந்த யாரோ ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம் ஒவ்வொரு படியாக மேலே வருகிறது. உங்களுக்கு அவளை இதற்குமுன் தெரியாது. இப்போது தெரியும்.

அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள்.