செவ்வாய்க்கிழமை டீசல்

எனக்குக் கொடுத்த டோக்கன் இருபத்தேழு. பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில், பிள்ளைகள் உட்காரும் நீள பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், பக்கத்தில் குறிப்பெடுக்கும் பெண். பின்னால் ‘நோய்த்தொற்றுக் கால அரசு நடவடிகைகள் குறித்த பொது விசாரணை’ என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். ‘நடவடிக்கை’யில் ஒரு ‘க்’ காணாமல் போயிருந்தது. இருபது வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிற கண். முதலில் அதுதான் பட்டது.

ஆளுக்கு மூன்று நிமிடம். ஆனால் மூன்று நிமிடத்தில் யார் நிறுத்தினார்கள்? ஊரை ஒரு மாதம் முன்னாலேயே மூடியிருக்க வேண்டும் என்றார் ஒரு வாத்தியார். மூடியதே தப்பு என்று எழுந்தார் ஆணி, பெயின்ட் விற்கும் கடைக்காரர்.

“வீட்டுல கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தவங்க இன்னும் ஒரு வருஷம்கூட மூடச் சொல்வீங்க!”

“உங்க பெயின்ட்ட மூச்சுக்குழாய்ல அடிச்சா கிருமி சாகும்னு நெனச்சீங்களோ?”

கூடம் சிரித்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். செத்தவர்களின் வீட்டாரும் சேர்ந்துதான் சிரித்தோம். மூன்று வருடம் ஆகிவிட்டதே.

எனக்கு இரண்டு வரிசை முன்னால் என் கணவரின் தம்பி உட்கார்ந்திருந்தான். சலூன் வைத்திருக்கிறான். கத்தரியை எடுத்தால் வாயும் சேர்ந்து ஓடும் என்பதால் ஊரே அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடும். அண்ணன் போன பிறகு அவன் என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். ஏன் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவனைக் கூப்பிட்டவள் நான்.

ஊரை மூடிய மூன்றாவது வாரம் அது. என் கணவர் பஸ் டிரைவர். எல்லா வண்டியும் நின்றபோதும், ஆஸ்பத்திரி ஆட்களை ஏற்றி இறக்கும் பதினான்காம் எண் வண்டி மட்டும் ஓடியது. அதை ஓட்டினார். முடி காதை மூடி வளர்ந்து, முகக்கவசத்தின் நாடாவோடு சிக்கிக்கொண்டு ஆளைப் பாடாய்ப் படுத்தியது. தம்பிக்குப் போன் செய்தேன். “உங்க அண்ணன் கரடி மாதிரி ஆயிட்டார்ப்பா. சத்தமில்லாம வந்து வெட்டிட்டுப் போ.” பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பின்வாசல் வழியாக வந்தான். சமையலறையில் நாற்காலி போட்டு, பழைய படுக்கை விரிப்பைக் கழுத்தில் கட்டி வெட்டினான். அண்ணனும் தம்பியும் கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் பேசிச் சிரித்தார்கள். புதன்கிழமை தம்பிக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை இவருக்கு. தம்பி எழுந்துகொண்டான். இவர் பதினோராம் நாள் போய்விட்டார்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. அரசாங்கத்தின் அறிவிப்பை எங்கள் அச்சகத்தில்தான் அடித்தார்கள். ஏழாவது விதி: ‘முடி திருத்தகங்கள் மூடப்படும். வீடுகளுக்குச் சென்று முடி திருத்துவதும் தடை செய்யப்படுகிறது.’ அந்த வரியில் ஒற்றுப் பிழை திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டவள் நான். என் பையில் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். சட்டம் போட்டவர்களைக் கேள்வி கேட்க எல்லோரும் வந்திருந்தார்கள். நான், அதை மீறிக் கணவரைச் சாகக் கொடுத்தேன் என்று சபையில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வந்திருந்தேன். மூன்று வருடத்தில் ஒரு ராத்திரியாவது முழுதாகத் தூங்கியிருந்தால் அந்த எண்ணம் வந்திருக்காது.

இருபத்தைந்து என்றதும் ரேடியோ எழுந்தான். சலூன்காரர் சங்கத்தின் செயலாளர் அவன். மனுவை விரித்து, இறைச்சிக் கடையைத் திறந்துவிட்டு சலூனை ஏன் மூடினீர்கள் என்று கணீரென்று ஆரம்பித்தான். கைதட்டல்கூடக் கிடைத்தது. அப்புறம் காகிதத்தில் இல்லாத எதையோ சொன்னான்.

“ஒரு கத்தரிக்கோல் யாரையும் கொன்னுடாதுங்க ஐயா. கொன்னிருக்காது. நீங்களே சொல்லுங்க, கொன்னிருக்குமா?”

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் முடிஞ்சுதுப்பா” என்றார். அவன் மைக்கை வைத்துவிட்டு, என் வரிசைப் பக்கம் பார்க்காமலே தலைகுனிந்து வந்து உட்கார்ந்தான். அவன் என்மேல் கோபமாக இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பயம்.

இருபத்தாறு ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். பஸ் டிப்போவில் டைம்கீப்பர் என்று சொல்லிக்கொண்டார். எந்த வண்டி எப்போது புறப்பட்டது, யார் ஓட்டியது என்று எழுதும் வேலை. ஊரை மூடிய மாதத்து டியூட்டித் தாளின் நகலைக் கையில் வைத்திருந்தார்.

“வாசனை தெரியாமப் போனா அதுவும் இந்த நோயோட அறிகுறிதான்னு எங்க டிப்போவுக்குப் பத்தாம் தேதியே கடிதம் வந்திருச்சு ஐயா. நோட்டீஸ் போர்டுல ஒட்ட வேணாம்னு வாய்வழியா உத்தரவு. ஒட்டினா ஆளு வரமாட்டாங்க, வண்டி நின்னுரும்னு. பன்னெண்டாம் தேதி பதினாலாம் நம்பர் வண்டி கண்டக்டருக்கு நோய் உறுதியாச்சு. அதையும் யார்கிட்டயும் சொல்லல.”

பதினான்காம் எண், என் கணவர் ஓட்டிய வண்டி. அவர் தொடர்ந்தார்.

“பதினாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அந்த வண்டி டிரைவர் டீசல் போட்டுட்டு என் ஜன்னலுக்கு வந்தாரு. ‘என்னம்மா, டீசல்னு சொல்லி தண்ணிய ஊத்துறாங்களா? மணமே இல்லையே’ன்னாரு. நான் சிரிச்சேன் ஐயா. அந்தக் கடிதம் என் மேசை டிராயர்ல இருக்கு. அதுக்கு மேல கைய வச்சுக்கிட்டு சிரிச்சேன். அவரு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு.”

குறிப்பெடுக்கும் பெண் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

பதினான்கு. செவ்வாய். முடி வெட்டியது பத்தொன்பது, ஞாயிறு. விரல் விட்டு எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். அந்த வாரம் முழுக்க அவர் உப்புப் பத்தவில்லை, உப்புப் பத்தவில்லை என்று சொன்னதும், வேண்டுமென்றே குற்றம் சொல்கிறார் என்று நான் முறைத்ததும் நினைவுக்கு வந்தன. நான் கையெழுத்துப் போட்ட அறிவிப்பில் அறிகுறிகள் மூன்றுதான்: காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல். அதில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

ரேடியோ திரும்பி என்னைப் பார்த்தான். மூன்று வருடத்தில் முதல் முறையாக.

இருபத்தேழு என்று அழைத்தார்கள். நான்கு பக்கத்தையும் பையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

“அந்த டிரைவரோட மனைவி நான். இவங்க சொன்ன தேதி பதிவாயிருச்சான்னு வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க ஐயா. வேற ஒண்ணும் கேக்கல.”

குறிப்பெடுத்த பெண் வாசித்தாள். “பத்தாம் தேதி கடிதம். பன்னிரண்டாம் தேதி நடத்துநருக்கு நோய் உறுதி. பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஓட்டுநருக்கு வாசனை தெரியவில்லை.” சரியாக இருந்தது. கடிதத்தை மறைத்தவர்களை நான் மன்னிக்கவில்லை, இப்போதும் இல்லை. ஆனால் மேடையிலிருந்து இறங்கும்போது மூச்சு வயிறு வரைக்கும் போய் வந்தது. அவ்வளவு தூரம் அது போகும் என்பதையே மறந்திருந்தேன்.

வெளியே படிக்கட்டில் ரேடியோ நின்றிருந்தான்.

“அண்ணி… அப்ப நான் இல்லையா?”

“நீ இல்லப்பா. நானும் இல்ல.”

“நீங்க எதுக்கு அண்ணி? வெட்டினது நான்.”

“கூப்பிட்டது நான்தானே.”

அவன் என்னை வெறித்துப் பார்த்தான். இத்தனை நாளும் நானும் இதையேதான் சுமந்தேன் என்பது அவன் முகத்தில் மெதுவாக ஏறியது. பிறகு கன்னத்தைத் துடைத்துக்கொண்டே, “அப்ப அண்ணன்தான் எனக்குக் குடுத்திருக்கான்! திருட்டுப்பய… வாய் மூடாம சிரிச்சுச் சிரிச்சு மூஞ்சிலயே ஊதினான் அண்ணி!” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அவனும் உட்கார்ந்தான். உள்ளே ஒலிபெருக்கியில் மறுபடியும் மூடியது சரியா, தப்பா என்று சண்டை தொடங்கியிருந்தது.

டைம்கீப்பர் அம்மா வெளியே வந்தவர், எங்களைப் பார்த்ததும் சுவரோரமாக ஒதுங்கி நடந்தார். ரேடியோ தெருவில் என்னைக் கண்டு ஒதுங்குவானே, அதே நடை. எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன். திட்டப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார்.

“அம்மா, அன்னைக்கு டீசல் பத்திச் சொன்னாரே… அதுக்கப்புறம் வேற ஏதாவது சொன்னாரா?”

அவர் நிமிர்ந்தார். என்னையும், பின்னால் வந்து நின்ற ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சொன்னாரு. ஜன்னலை விட்டு நகரும்போது என்னமோ சொன்னாரு. இருங்கம்மா, யோசிச்சுச் சொல்றேன்.”

டியூட்டித் தாளை மார்போடு வைத்துக்கொண்டு கண்களை மூடினார். உதடு மட்டும் லேசாக அசைந்தது. வெயில் எங்கள் மூவர் மேலும் அடித்தது. நிழலுக்குப் போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.